தவக்காலத்து உளுவை

மாசியும் பங்குனியும் பின்பனிப் பருவம் என்று முன்னோர் வகுத்து வைத்தார்கள். மதுரையைச் சூழ்ந்த சமவெளிக்கு அந்த வகுப்பு ஒருநாளும் பொருந்தியதில்லை. மாசி பாதி கழிவதற்குள் பனி சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுப் போய்விடுகிறது. வேம்பு தன் பழுத்த இலைகளை ஒவ்வொன்றாகக் கைவிடுகிறது. கண்மாய்களின் நீர் கரையை விட்டு நடுமடுவுக்கு ஒதுங்க, ஒதுங்கிய இடமெல்லாம் சேறு வெடித்துப் பாளம் பாளமாய்க் கிடக்கிறது. கொட்டாம்பட்டிக்கு மேற்கே குன்றுகளின் மடியிலிருந்து இறங்கிவரும் சிற்றோடைகள், ஐப்பசியில் பாறைகளையே புரட்டிக்கொண்டு வந்தவை, இப்போது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல்கடை ஆழத்தில் தயங்கித் தயங்கி நடக்கின்றன. பிறகு அந்த நடையும் ஓய்ந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேங்கி நின்றுவிடுகின்றன. குயில் கூவாமல் இல்லை. அந்த வெயிலில் அதன் குரலும் ஒரு கேள்வியைப் போலவே ஒலிக்கிறது. விடை சொல்வார் எவருமில்லை.

இந்தப் பருவத்தில்தான் ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தவக்காலம் வரும். ஆலயங்களில் புனிதர் சிலைகளான சுரூபங்களின்மேல் ஊதாத் துணி விழும். பீடத்தில் பூ இராது. அல்லேலூயா என்னும் சொல் நாற்பது நாளும் எவர் நாவிலும் ஏறாது. மண்ணும் மன்றாட்டும் ஒன்றையொன்று பார்த்து நோன்பு பிடிப்பதுபோல் இருக்கும்.

மதுரை ஆனையூரின் பின்தெரு ஒன்றில், மிஷன் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற லூர்துராஜ் அந்த ஆண்டுத் தவக்காலத்தை என்றுமில்லாத அச்சத்தோடு தொடங்கினார். அவருடைய மனைவி பாக்கியத்துக்கு வயிற்றில் கட்டி. இனி அறுப்பதற்கும் ஒன்றுமில்லை, ஊசி போடுவதற்கும் ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் கையை விரித்துவிட்டார்கள். "வீட்லயே வச்சுப் பாருங்க சார். ஆசப்பட்டதக் குடுங்க" என்று சொல்லி அனுப்பிய அந்த இளம் மருத்துவர், சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளைப்பேறு வாய்க்காத வீடு அது. அவளுக்கு அவர், அவருக்கு அவள் என்று முதிர்ந்து வந்தவர்கள்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று மாலை, நெற்றியில் சாம்பல் உலராத நிலையில், வீட்டுப் பீடத்தின் முன் முழந்தாளிட்டு லூர்துராஜ் ஒரு நேர்ச்சை செய்தார். அவர் செபிக்கும் தமிழ், பேசும் தமிழன்று. பாடம் நடத்திய நாளெல்லாம் ஓதி ஓதி உருவேறிய பழஞ்செய்யுள் நடை அது.

"ஆண்டவரே, உயிர்ப்பு ஞாயிறு மட்டும் இவ்வீட்டு அடுப்பில் ஊனும் மீனும் ஏறா. அதுகாறும் இவள் உயிரை என் கண்முன்னே வைத்தருளும்."

தவக்காலத்தில் மீனைத் திருச்சபை விலக்கவில்லை. எளிதாக விடக்கூடியதை விட்டால் அது நேர்ச்சையாகுமா என்று எண்ணித்தான் அவர் மீனையும் சேர்த்துக்கொண்டார். அவருக்கு மீன் அவ்வளவாகப் பிடிக்காது. மீன் என்றால் உயிரை விடுகிறவள் பாக்கியம். தாம் காணிக்கையாகக் கொடுத்தது தம்முடைய பொருளன்று என்பது அந்த மாலையில் அவருக்குத் தோன்றவே இல்லை.

நேர்ச்சை செய்த மறுநாள் பாக்கியத்துக்கு வாந்தி நின்றது. அன்றிரவு அவள் புரளாமல் உறங்கினாள். தம் மன்றாட்டு கேட்கப்பட்டுவிட்டது என்று லூர்துராஜ் நம்பினார். அந்த நம்பிக்கை நாளடைவில் இறுகியது. நேர்ச்சை நூல் அறுந்தால் உயிர் நூலும் அறும் என்றே உள்ளுக்குள் முடிச்சிட்டுக்கொண்டார்.

அந்த ஆண்டு தவக்காலமும் ரமலானும் கைகோத்துக்கொண்டு வந்திருந்தன. பக்கத்து வீட்டு முபீனா பொழுது சாயும் நேரத்தில் தூக்குச்சட்டியில் நோன்புக் கஞ்சி கொண்டுவருவாள்.

"அக்கா, கறி போடாமத் தனியா எடுத்து வச்சேன். சார் மொறைக்க வேணாம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு நாள் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

பாக்கியம் சிரித்தாள். கன்னம் ஒட்டிப் பல் பெரிதாகத் தெரிந்த சிரிப்பு. "ஒங்க நோம்பாச்சும் சாயங்காலமானா முடிஞ்சுருது முபீனா. எங்க வாத்தியாரு நோம்பு விடியவே மாட்டேங்குது."

கஞ்சியை ஒரு வாய் வைத்துக்கொண்டு, சற்று நேரம் கண்ணை மூடியிருந்தாள். பல வாரங்களாக எந்த உணவையும் பெயர் சொல்லிக் கேட்காதவள், கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"ஏங்க, எனக்கு உளுவக் கொழம்பு திங்கணும்போல இருக்கு."

உளுவை பெரிய மீனன்று. ஆள்காட்டி விரல் நீளம். மணலின் நிறம், அதன்மேல் புகை படிந்தாற்போல் சில கறைகள். மழுங்கிய தலையும், உச்சியில் துருத்தும் விழியும். கடலாளும் மீன்களுக்குள்ள வீறு எதுவும் அதற்கு இல்லை. வயிற்றடிச் செதில்துடுப்புகள் இரண்டும் ஒன்றாய் இணைந்து சிறு கிண்ணம்போல் குவிந்திருக்கும். அந்தக் கிண்ணத்தால் கல்லைப் பற்றிக்கொண்டு, ஓடும் நீரில் ஓடாமல் இருக்கும். சந்தைக்கு வரும் கண்மாய் உளுவை பருத்தது. பாக்கியம் கேட்டது அதையன்று. கொட்டாம்பட்டிப் பக்கம் அவள் பிறந்த ஊரின் ஓடையில், கல்லடியில் கிடக்கும் சிற்றுளுவையைத்தான்.

 ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்ற குரலும், ஊனும் மீனும் ஏறா என்ற தம் குரலும் ஒரே நேரத்தில் லூர்துராஜின் காதில் விழுந்தன.

"ஈஸ்டருக்கு வச்சுத் தாரேன் பாக்கியம். இன்னுங் கொஞ்ச நாளுதான?"

அவள் கண்ணைத் திறந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். நெடுநேரப் பார்வை. அதில் கோபமில்லை, கெஞ்சலுமில்லை.

"சரிங்க" என்றாள்.

முபீனா எழுந்து வெளியே வந்தபோது வாசலில் அவரை மறித்தாள். "சார், தப்பா நெனைக்காதீங்க. ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க? கேட்டதக் குடுக்கச் சொல்லலையா?"

"தவக்காலம்மா."

"மீனுகூடயா சார்? எதுத்த வீட்டு டீச்சர் வீட்டுலருந்து நேத்துகூட மீன் பொரிச்ச வாசம் வந்துச்சே. அவுங்களும் ஒங்க கோயில்தான?"

 நேர்ச்சையின் பின்பாதியை அவர் எவரிடமும் சொன்னதில்லை.

பாக்கியம் மறுபடி கேட்கவே இல்லை. அதுதான் அவரை வதைத்தது. கேட்டு அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருக்கலாம். கேட்டுச் சினந்திருந்தால் விளக்கியிருக்கலாம். ரமலான் பிறை வந்து போயிற்று. முபீனாவின் கஞ்சி நின்று, பெருநாள் சேமியாவில் ஒரு கரண்டி நாக்கில் பட்டது. பிறகு அரிசிக் கஞ்சித் தண்ணீர். பிறகு அதிலும் பாதி. குருத்தோலை ஞாயிறன்று லூர்துராஜ் கோயிலிலிருந்து கொண்டுவந்த ஓலையை அவள் கையில் வாங்கி முகர்ந்தாள். "பச்ச வாசம்" என்றாள். அவ்வளவுதான். உயிர்ப்பு ஞாயிறு கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. கட்டிலில் கிடந்தவளோ நாளுக்கு நாள் கைக்கெட்டாத தொலைவுக்கு நகர்ந்துகொண்டிருந்தாள். அவர் பீடத்தின் முன் இன்னும் நீளமாகச் செபித்தார்.

பெரிய வியாழன் நண்பகலில் பாக்கியத்தின் தம்பி சூசை வந்தான். அவள் பிறந்த ஊரில், ஓடைக்கரையில் கடலையும் கத்தரியும் போட்டுப் பிழைப்பவன். அதட்டிப் பேசினால்தான் அன்பு காட்டியதாக அவனுக்குத் தோன்றும். சைக்கிள் டியூபால் கட்டிய இளநீர்க் குலையை மொபெட்டிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அக்காவின் காலடியில் போய் நின்றான். அவள் உறங்கிக்கொண்டிருந்தாள். போர்வைக்குள் உடம்பு இருக்கிறதா இல்லையா என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்றும் பேசாமல் கொல்லைப்புறம் போய், குழாயைத் திறந்து முகத்தை அலம்பினான். அலம்பி முடிந்த பிறகும் குழாயை அடைக்கவில்லை.

லூர்துராஜ் பின்னாலேயே போய்க் குழாயை அடைத்தார். "வா மாப்ள, ஒக்காரு."

"அக்கா ஒங்ககிட்ட ஒண்ணும் கேக்கலையா மச்சான்?"

"இப்பல்லாம் ஒண்ணுங் கேக்கறதில்ல மாப்ள."

"என்கிட்டக் கேட்டுச்சு." சூசை துண்டால் முகத்தைத் துடைத்தபடி, துண்டுக்குள்ளிருந்தே பேசினான். "போன மாசம் போன்ல. ஓடையில தண்ணி கெடக்கா, உளுவ கெடக்கான்னுச்சு. எம்புட்டு வேணும், நாளைக்கே கொண்டாரேன்னேன். சொல்லி வாய மூடல, வேணாம்டா, கொண்டாந்துராதன்னுருச்சு."

"ஏனாம்?"

"சொல்லட்டா?"

"சொல்லு மாப்ள."

"அக்கா சொன்னத அப்படியே சொல்றேன். ஒன் மச்சான் சாமிகிட்டப் பேரம் பேசி வச்சுருக்காருடா. இந்த வீட்டுல மீன் ஏறாத வரைக்குந்தான் நா உசுரோட இருப்பேன்னு நம்பிக்கிட்டு இருக்காரு. நா ஆசைக்குத் தின்னுட்டுச் செத்தேன்னு வையி, அந்த மனுசன் கடைசி வரைக்கும் அதையே நெனச்சு நெனச்சுச் செத்துருவாரு. இம்புட்டு நாளு வாழ்ந்தாச்சு, ஒரு கொழம்புக்காக அவரக் கொல்லவா? அப்படின்னுச்சு."

லூர்துராஜ் துணி துவைக்கும் கல்லின்மேல் மெல்ல உட்கார்ந்தார். "அவளுக்கு யாரு சொன்னா?"

"நானும் அதத்தான் கேட்டேன். ஒன் மச்சான் செபம் சொன்னாத் தெருமுக்கு வரைக்கும் கேக்குமேடா, கட்டில்ல கெடக்குற எனக்குக் கேக்காதான்னு சிரிச்சுச்சு." சூசை துண்டை முகத்திலிருந்து எடுத்தான். "எனக்கு ஒரு போன் போட்டுருக்கக் கூடாதா மச்சான்? அம்புட்டுப் படிச்ச ஆளு."

வேப்பிலை ஒன்று அவர் தோள்மேல் விழுந்து, தங்காமல் நழுவியது. தாம் அவளைக் காப்பதாக எண்ணியிருந்த நாளெல்லாம் அவள்தான் தம்மைக் காத்திருக்கிறாள் என்பது, மெல்ல மெல்ல, ஒரு சுமையைப் போல அவர்மேல் இறங்கியது.

"ஓடையில இன்னங் கெடக்கா?"

"ரெண்டு பள்ளத்துல கெடக்கும். இந்த வாரந் தாண்டுனா எல்லாம் கொக்குக்குத்தான்."

"நாளைக்குக் காலையில வாரேன்."

சூசை திடுக்கிட்டான். "நாளைக்கா? பெரிய வெள்ளி மச்சான், ஏசு செத்த நாளு! நானே ஒரு வேளைக் கஞ்சிதான் குடிப்பேன். கோயில்ல நீங்க ஏசுவோட பாடு வாசிக்கணும்ல? ஒங்க கொரலக் கேக்கணும்னே பாதிச் சனம் வரும். பேசாம இருங்க, நானே புடிச்சாந்து தாரேன்."

"வேணாம். கட்டுனது நான். அவுக்கறதும் நானாத்தான் இருக்கணும்."

மறுநாள் விடியலில் முபீனாவைப் பாக்கியத்தின் அருகே இருத்திவிட்டு, லூர்துராஜ் மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினார். கையில் ஒரு மூடி போட்ட தூக்குவாளி. நெடுஞ்சாலையின் இருபுறமும் கிரானைட் குன்றுகள் அரிந்து வைத்த அப்பங்களைப் போல நின்றன. கொட்டாம்பட்டியில் இறங்கி, சூசையின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, கத்தரிக் காடுகளைக் கடந்து ஓடைக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டிருந்தது.

ஓடை என்று அதைச் சொல்வதே உபசாரம். வெண்கற்களும் கருங்கற்களும் எலும்புகள்போல் கிடந்த படுகையில், ஆங்காங்கே முழந்தாளுக்கும் குறைந்த தேக்கம். நீரின்மேல் பாசியின் தோல். லூர்துராஜ் செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். நீர் குளிர்ந்திருக்கும் என்று எண்ணியவருக்கு, அது பாதி ஆறிய தேநீரின் வெம்மையில் இருந்தது.

"கல்லத் தூக்காதீங்க மச்சான், பைய உருட்டுங்க. கலங்கிருச்சுன்னா ஒங்களுக்கு ஒங்க காலே தெரியாது" என்று சூசை கரையிலிருந்தே விரட்டினான்.

குனிந்து நிற்க முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே முழந்தாளிட்டார். முதற் கல்லடியில் ஒன்றுமில்லை. இரண்டாவதைப் புரட்டியதும் அவர் கை நின்றுவிட்டது.

கல்லின் அடிப்புறமெங்கும் நுண்ணிய முட்டைகள், அரிசி நொய்யை ஒட்டி வைத்தாற்போல் நெருங்கிப் பதிந்திருந்தன. கீழே மணற்குழியில் ஓர் உளுவை. கூரை பெயர்ந்து வெயில் மேலே விழுந்த பின்னும் அது ஓடவில்லை. பக்கத் துடுப்புகள் இரண்டையும் விசிறி விசிறி, முட்டைகள் இருந்த திசைக்கே நீரை வீசிக்கொண்டிருந்தது.

"ஆணு" என்றான் சூசை, அருகே வந்து எட்டிப் பார்த்து. "பொட்ட, முட்டைய ஒட்டிட்டுப் போயிரும். பொரிக்கிற வரைக்கும் இதுதான் காவல். ஒரு வாய்கூடத் திங்காம இங்கேயே கெடக்கும். அமுக்குங்க மச்சான், ஓடாது. லேசுல அகப்படுறது இதுதான்."

"இந்தப் பள்ளத்துல தண்ணி எத்தன நாளைக்கு நிக்கும்?"

"நாளைக்கோ நாளாண்ணைக்கோ."

"அப்ப முட்ட?"

"பொரிச்சாலும் எங்க போகும் மச்சான்? குஞ்சு கீழ ஓடுறதுக்குத் தண்ணி வேணாமா?"

"இது?"

"தண்ணி இருக்கற வரைக்கும் இருக்கும்."

லூர்துராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் காவலால் ஒன்றும் தப்பப்போவதில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அதற்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் அது நகர்ந்திராது என்று அவருக்குப் பட்டது. தாமும் அதைப்போல் உண்ணாமல் காத்தவர்தாமா என்று எண்ணிப் பார்த்தார். இல்லை. அது தன் வயிற்றைக் காயப்போட்டுக் காத்தது. அவர் காயப்போட்டது வேறொருத்தியின் வயிற்றை.

இரு கைகளாலும் கல்லை ஏந்தி, வந்த பக்கமாகவே திருப்பி, குழியின்மேல் பதனமாக வைத்தார்.

"பாவம் பாத்தாக் கொழம்பு வைக்க முடியாது மச்சான்" என்று சூசை கேலி செய்தான். ஆனால் அவனும் அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தான்.

மேல்பள்ளத்தில் இருவரும் துண்டை விரித்துப் பிடித்துக் கற்களைக் கிளறினார்கள். காவல் ஏதுமற்ற சிற்றுளுவைகள் மணலோடு மணலாகத் துண்டில் ஏறின. ஒன்றை லூர்துராஜ் கையாலேயே பிடித்தார். அது துள்ளவில்லை. வயிற்றுக் கிண்ணத்தால் அவர் உள்ளங்கையைப் பற்றிக்கொண்டு, அதுவும் ஒரு கல் என்பதுபோல் அமர்ந்திருந்தது. கையைக் கவிழ்த்தபோதுகூட உடனே விழவில்லை. தூக்குவாளிக்குள் அதை விடுவதற்கு விரலால் மெல்ல நெம்ப வேண்டியிருந்தது. ஒரு கைப்பிடி சேர்ந்ததும் "போதும் மாப்ள" என்றார்.

ஆனையூருக்குத் திரும்பியபோது உச்சி சாய்ந்திருந்தது. தெருமுனையில் சிலுவைப் பாதை ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. இளைஞர்கள் மரச்சிலுவையைச் சுமந்து முன்னே நடக்க, பெண்கள் தலையில் முக்காடிட்டு ஒப்பாரியின் சாயலுள்ள பாடலைப் பாடிக்கொண்டு பின்னே வந்தார்கள். ஒவ்வொரு நிலையிலும் எல்லாரும் சாலையின் சூட்டில் முழந்தாளிட்டார்கள். லூர்துராஜும் வாளியைக் கீழே வைத்துவிட்டு முழந்தாளிட்டார். மூடிக்குள் மீன் ஒன்று வாலடித்தது. பக்கத்திலிருந்த கோயில் பாடகர் குழுக்காரர் திரும்பி, வாளியைப் பார்த்தார். ஈர வேட்டியைப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"என்ன சார், பாடு வாசிக்க ஆளக் காணோம்னு சாமியாரு தேடுறாரு. நீங்க இந்தக் கோலத்துல?"

"பாக்கியத்துக்கு" என்றார் லூர்துராஜ். 

வீட்டுக்குள் நுழைந்ததும் முபீனா எழுந்து வந்தாள். "காலையிலருந்து கண்ணே தொறக்கல சார். இப்பத்தான் தண்ணி கேட்டாங்க. ஒரு சொட்டுதான் எறங்குச்சு." வாளியைப் பார்த்ததும் அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

கட்டிலிலிருந்து நூல்போன்ற குரல் வந்தது. "என்ன வாசம்? ஓட வாசமால்ல இருக்கு."

அவர் வாளியைக் கட்டிலோரம் வைத்து, அவள் கையை எடுத்து நீரில் விட்டார். வற்றிய விரல்களை உளுவைகள் சுற்றி வந்தன. ஒன்று அவள் மோதிரவிரலைத் தொட்டு நின்றது. பாக்கியத்தின் கண்கள் திறந்தன.

"ஏங்க, இன்னைக்குப் பெரிய வெள்ளி."

"தெரியும்."

"நேர்ச்சை?"

லூர்துராஜ் தரையில் உட்கார்ந்தார். ஓதி உருவேறிய தமிழில் ஒரு சொல்லும் கிட்டவில்லை. "எனக்குத்தான் மீனே புடிக்காதே பாக்கியம். ஒன்னோடதத் தூக்கி நான் சாமிக்குக் குடுத்துட்டேன்."

ஓசையில்லாமல் அவள் சிரித்தாள். "இப்பத்தான் வெளங்குச்சா வாத்தியாரே?" மூச்சு வாங்கியது. வாங்கி முடித்ததும் முகம் மாறியது. "தின்னுட்டு நா போயிட்டேன்னா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவர் இத்தனை நாளும் அஞ்சியிருந்தார். பேருந்திலும் மொபெட்டிலும் அதற்கு மறுமொழி தேடியிருந்தார். இப்போது அவள் விரல்கள் நனைந்திருந்த நீரைப் பார்த்தபடி சொன்னார்:

"போனா, மீனால போகல."

சொல்லிவிட்டார். சொல்லியபின், அவள் போகத்தான் போகிறாள் என்பதும் அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 

"நா வைக்கட்டுமா சார்?" என்றாள் முபீனா.

"நானே வைக்கிறேம்மா."

அடுப்படியில் அவர் செய்த ஒவ்வொன்றையும் கட்டிலில் கிடந்தவள் காதால் கண்டாள். கல்லுப்பும் சாம்பலும் போட்டு வழவழப்புப் போக உரசச் சொன்னாள். புளியைக் கெட்டியாகக் கரைக்கச் சொன்னாள். சின்ன வெங்காயம் நறுக்கும் ஓசை நெடுநேரம் கேட்டபோது, "செய்யுளுக்குப் பதவுரை சொல்ற மாதிரி அரிஞ்சுக்கிட்டே இருக்காதீங்க. சட்டுனு போடுங்க" என்றாள். முபீனா தன் வீட்டிலிருந்து ஒரு மாங்காய்த் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். குழம்பு கொதித்து மல்லியும் புளியும் மீனும் ஒன்றாய் மணந்தபோது, சிலுவைப் பாதை அவர்கள் தெருவுக்குள் திரும்பியிருந்தது. பாடல் வீட்டுச் சுவர்களில் மோதியது. முபீனா பதறிப்போய்ச் சன்னலைச் சாத்தப் போனாள்.

"தொறந்தே இருக்கட்டும்மா" என்றார் லூர்துராஜ்.

மணம் தெருவுக்குப் போயிற்று. பாட்டு வீட்டுக்குள் வந்தது. ஒன்றையொன்று தடுக்கவில்லை.

முபீனா விடைபெற்றுப் போனபின், குழைந்த சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து, தட்டோடு கட்டிலருகே வந்தார். வாழ்நாளெல்லாம் தட்டில் விழுந்ததை உண்டு எழுந்த மனிதர் அவர். மீனின் முதுகைப் பிளந்து, முள்ளை உருவி, விரல்நுனியால் தடவித் தடவி மயிரிழை போன்ற சிறுமுள் ஒவ்வொன்றையும் விலக்கினார். ஏட்டில் எழுத்துப்பிழை தேடிய கண்கள் இப்போது அவள் தொண்டையில் குத்தக்கூடியது எதுவும் எஞ்சியிருக்கிறதா என்று தேடின. நகக்கண் அளவு சதையைச் சோற்றோடு சேர்த்து அவள் வாயில் வைத்தார்.

பாக்கியம் அதை மெல்லவில்லை. வெறுமனே நாவில் வைத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். தொண்டை அசைந்தது. இறங்கிற்று. இன்னொரு வாய். அதுவும் இறங்கிற்று. அதற்குமேல் தலையை அசைத்து வேண்டாம் என்றாள்.

"உப்புக் கொஞ்சம் தூக்கல்" என்றாள். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. "இருந்தாலும் நல்லா இருக்குங்க."

தெருவில் பாட்டு தேய்ந்து கோயில் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கே இந்நேரம் வேறொருவர் பாடுகளின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கியிருப்பார்.

"நீங்களும் ஒரு வாய் தின்னுங்க" என்றாள் பாக்கியம். "நா தின்ன தட்டுலருந்து." கட்டைவிரல் குழம்பில் படத் தட்டைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் காலையிலிருந்து நீரும் பருகியிருக்கவில்லை. ஈரம் உலராத வேட்டியோடு கட்டிலருகே முழந்தாளிட்டார். அவள் எச்சில் பட்ட சோற்றில் ஒரு பிடி எடுத்து, ஒரு கணம் நெற்றியில் ஒற்றிக்கொண்டு, தலை குனிந்து உண்டார். அவர் இதழ்கள் எந்தச் செபத்தையும் சொல்லவில்லை.

குனிந்த தலையின்மேல் அவள் கை வந்து படிந்தது. எடையே இல்லாத கை. அது மெல்ல நகர்ந்து அவர் நெற்றிக்கு வந்தது. குழம்பின் மஞ்சள் படிந்த கட்டைவிரலால் அவள் அங்கே சிறு சிலுவை ஒன்று வரைந்தாள்.

"ஆண்டவரு ஒங்ககூடவே இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்புடுங்க. ராத்திரி நல்லாத் தூங்குங்க. நா போனதுக்கப்புறம் யாரும் ஒங்களக் குத்தஞ் சொல்ல வேணாம், நீங்களும் ஒங்களச் சொல்ல வேணாம். நல்லா இருங்க."